டாங்கி இருந்தது, ஆள் இல்லை: ரஷ்யாவின் ‘முதல் காவலர் டாங்கி ஆர்மி’ உக்ரைனில் திணறியது ஏன்?

வடகிழக்கு உக்ரைனில் ட்ரோஸ்ட்யனெட்ஸ் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 20,000. போருக்கு முன்பு அங்கே பெயர் சொல்லும்படி இருந்தது ஒரு சாக்லேட் தொழிற்சாலை. 2022 பிப்ரவரி 24, போர் தொடங்கிய முதல் நாளே, ரஷ்ய டாங்கிகள் அந்த ஊருக்குள் வந்துவிட்டன. ஒரு மாதம் ஊரே ராணுவ முகாம். மார்ச் 26-ல் உக்ரைன் ராணுவம் ஊரை மீட்டபோது, ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தின் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. எரிந்து கருகிய பீரங்கி வண்டிகள், சேறு, சிதறிக் கிடந்த குண்டுப் பெட்டிகள். நடுவில் மேடை மேல் இருந்த இரண்டாம் உலகப் போர் நினைவு டாங்கி மட்டும் லேசான கீறலோடு அப்படியே நின்றது.

அந்த வழியாக வந்தது ஏதோ ஒரு சாதாரணப் படை அல்ல. மாஸ்கோவைப் பாதுகாக்க, நேட்டோவோடு போர் வந்தால் எதிர்த்தாக்குதலுக்குத் தலைமை தாங்க என்றே வைத்திருந்த படை. பெயர், முதல் காவலர் டாங்கி ஆர்மி. மே 9 வெற்றி தின அணிவகுப்பில் செஞ்சதுக்கத்தில் கெத்தாக உருளும் டாங்கிகளில் பல இந்தப் படையுடையவைதான்.

இவ்வளவு பெரிய படை, எல்லையிலிருந்து வெகுதூரம்கூட இல்லாத ஓர் ஊரில் மாட்டிக்கொண்டது எப்படி? ‘உக்ரைனிடம் ஜாவலின் ஏவுகணை இருந்தது’ என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில், அந்தப் படை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முழு ராணுவமே ‘ஆர்மி’தானே?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரஷ்ய அமைப்பில் ‘ஆர்மி’ என்பது முழு ராணுவம் அல்ல, அதில் ஒரு அடுக்கு. நாடு ராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்குக் கீழும் சில ஆர்மிகள், அவற்றுக்குக் கீழ் டிவிஷன்கள் அல்லது பிரிகேட்கள், அதற்கும் கீழே ரெஜிமென்ட், பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன்.

இன்னொரு குழப்பம் தமிழில். நாம் டாங்கியையும் பீரங்கி என்கிறோம், தூரத்தில் இருந்து குண்டு வீசும் ஆர்ட்டிலரியையும் பீரங்கி என்கிறோம். இந்தக் கட்டுரையில் டாங்கி என்றால் டாங்கி, பீரங்கி என்றால் ஆர்ட்டிலரி மட்டும்.

‘காவலர்’ என்பது பட்டம். இரண்டாம் உலகப் போரில் சிறப்பாகப் போரிட்ட சோவியத் படைகளுக்குத் தரப்பட்ட கௌரவம். 1943-ல் மிகைல் கட்டுகோவ் தலைமையில் உருவான இந்த டாங்கி ஆர்மி, அதே ஆண்டு கூர்ஸ்க் சண்டையில் ஹிட்லரின் டாங்கிகளை எதிர்கொண்டது. 1944-ல் காவலர் பட்டம் பெற்றது. 1945-ல் பெர்லின் வரை போனது. பனிப்போர்க் காலம் முழுக்கக் கிழக்கு ஜெர்மனியில், டிரெஸ்டனைத் தலைமையிடமாக வைத்து உட்கார்ந்திருந்தது. சோவியத் உடைந்த பிறகு ரஷ்யாவுக்குத் திரும்பி, 1990-களின் இறுதியில் கலைக்கப்பட்டது. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட அதே 2014-ல், மாஸ்கோவை ஒட்டிய ஒடின்ட்சோவோவில் மீண்டும் உயிர்பெற்றது.

இதன் முக்கியப் பிரிவுகள் இரண்டு. நரோ-ஃபோமின்ஸ்க்கில் இருக்கும் 4-வது காவலர் ‘கன்டெமிரோவ்ஸ்கயா’ டாங்கி டிவிஷன், காலினினெட்ஸில் இருக்கும் 2-வது காவலர் ‘டமான்ஸ்கயா’ மோட்டார் ரைஃபிள் டிவிஷன். ரஷ்ய அரசியலைக் கவனிப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. 1991 ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது யெல்ட்சின் ஏறி நின்று பேசினாரே, அது டமான் டிவிஷனின் டாங்கி. 1993 அக்டோபரில் மாஸ்கோவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது சுட்டவை கன்டெமிரோவ் டிவிஷனின் டாங்கிகள். இவை தவிர முலினோவில் 47-வது டாங்கி டிவிஷன், தனி மோட்டார் ரைஃபிள் பிரிகேட், பீரங்கி பிரிகேட், வான் பாதுகாப்பு பிரிகேட், உளவுப் பிரிகேட் என்று ஒரு பட்டாளமே உண்டு.

3, 10, 31, 94

ரஷ்ய டாங்கிப் படையின் கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பிளட்டூனுக்கு 3 டாங்கி. மூன்று பிளட்டூனும் கமாண்டருக்கு ஒன்றும் சேர்ந்தால் கம்பெனி, 10 டாங்கி. மூன்று கம்பெனியும் கமாண்டருக்கு ஒன்றும் சேர்ந்தால் பட்டாலியன், 31. மூன்று பட்டாலியனும் கமாண்டருக்கு ஒன்றும் சேர்ந்தால் ரெஜிமென்ட், 94. ஒரு டாங்கி டிவிஷனில் இப்படிப்பட்ட ரெஜிமென்ட்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். கூடவே காலாட்படைக்கு ஒரு மோட்டார் ரைஃபிள் ரெஜிமென்ட்.

இந்திய ராணுவத்தில் ‘ரெஜிமென்ட்’ என்றால் 45 டாங்கி. ஆகவே ரஷ்யாவின் ஒரு டாங்கி ரெஜிமென்ட், நம்மூர்க் கணக்கில் இரண்டு ரெஜிமென்ட்டுக்குச் சமம்.

டாங்கியைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன? காலாட்படை வீரர்களைச் சுமந்து செல்ல பிஎம்பி-2, பிஎம்பி-3, பிடிஆர்-82ஏ போன்ற கவச வண்டிகள். பிஎம்பி-2-வில் வண்டியை இயக்க 3 பேர், பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கிச் சண்டையிட 7 பேர். மேலே 30 மி.மீ. துப்பாக்கி. இந்த ‘7 பேர்’ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அங்கேதான் திரும்பப் போகிறது.

பிறகு பீரங்கி. ரஷ்யர்கள் பீரங்கியைப் ‘போரின் கடவுள்’ என்பார்கள். சும்மா சொல்லவில்லை, மேற்கத்திய ராணுவங்களோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மட்டத்திலும் ரஷ்யாவிடம் பீரங்கி அதிகம். டாங்கிப் பாணியில் சங்கிலிச் சக்கரங்களில் ஓடும் 152 மி.மீ. ‘எம்ஸ்டா-எஸ்’ சுமார் 25 கி.மீ. தூரம் சுடும். லாரி மேல் 40 குழாய்களோடு நிற்கும் ‘கிராட்’ ராக்கெட் வண்டி சுமார் 20 கி.மீ. அடிக்கும். அதைவிடப் பெரிய ‘உரகான்’ சுமார் 35 கி.மீ. எல்லாவற்றுக்கும் மேலே, ஷூயாவில் இருக்கும் ஏவுகணை பிரிகேட்டிடம் 500 கி.மீ. வரை பாயும் ‘இஸ்கந்தர்’. எதிரி விமானங்களைச் சமாளிக்க ‘டோர்’, ‘புக்’ ஏவுகணைகள். பேப்பரில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது.

ஆவடிக்காரர்களுக்குத் தெரிந்த டாங்கி

இந்தப் படையின் டமான் டிவிஷனில் டி-72பி3, டி-90 வகைகளும், கன்டெமிரோவ் டிவிஷனில் கேஸ் டர்பைன் இன்ஜினில் ஓடும் டி-80யு-வும் இருந்தன. டி-72-வும் டி-90-வும் சென்னைக்கு அந்நியம் அல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட ‘அஜேயா’ டி-72-தான், ‘பீஷ்மா’ டி-90-தான். இந்திய ராணுவத்தின் டாங்கிகளில் பெரும்பான்மை இந்தக் குடும்பம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. உள்ளே 3 பேர் மட்டும்தான். அமெரிக்காவின் ஏப்ரம்ஸிலும் ஜெர்மனியின் லெபர்டிலும் 4 பேர். நான்காவது ஆளின் வேலை, கையால் குண்டு நிரப்புவது. சோவியத் பொறியாளர்கள் அந்த ஆளை எடுத்துவிட்டு ஒரு எந்திரத்தை வைத்தார்கள். டி-72-ல் டரட்டுக்குக் கீழே தரையில் ஒரு வட்டத் தட்டு. அதில் 22 குண்டுகள். ஆள் குறைந்ததால் டாங்கி சிறிதானது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. சுமார் 45 டன் எடையில் 125 மி.மீ. துப்பாக்கி என்பது நல்ல டீல்.

ஆனால், கவசம் துளைக்கப்பட்டால் அந்தக் குண்டுகள் மொத்தமாக வெடிக்கும். டரட் பிய்த்துக்கொண்டு மேலே பறக்கும். உக்ரைன் போரின் முதல் வாரங்களில் எல்லோரும் போனில் பார்த்த வீடியோக்கள் அவைதான். உள்ளே இருக்கும் மூவரும் தப்ப வாய்ப்பு மிகக் குறைவு.

நான்காவது ஆள் குண்டு மட்டும் நிரப்புவதில்லை. சங்கிலி அறுந்தால் மாட்ட, இரவுக் காவலுக்கு நிற்க, சேற்றில் மாட்டினால் இழுக்க அவரும் ஒரு கை. ரஷ்ய ரெஜிமென்ட்டின் 94 டாங்கிகளுக்குள் உட்காருபவர்கள் வெறும் 282 பேர். ஆளைக் குறைத்து இரும்பைக் கூட்டும் இந்தப் பழக்கம் டாங்கியோடு நிற்கவில்லை. படையின் எல்லா மட்டத்திலும் இருக்கிறது.

காத்திருக்கும் பெட்டி

சோவியத் காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அமைதிக் காலத்தில் பல டிவிஷன்களில் ஆயுதம் முழுசாக இருக்கும், ஆள் கொஞ்சமாக இருப்பார்கள். போர் அறிவித்ததும் ஏற்கெனவே பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்களை வீட்டில் இருந்து கூப்பிட்டு அந்தப் பெட்டியை நிரப்புவார்கள். பெரிய போர், பெரிய ஆள்திரட்டல். அந்தக் கணக்கில் எல்லாம் பொருந்தியது.

2008-ல் ஜார்ஜியா போரில் ரஷ்யா ஐந்தே நாளில் ஜெயித்தாலும், ராணுவத்தின் ஓட்டைகள் வெளியே தெரிந்தன. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அனடோலி செர்ட்யுகோவ் ராணுவ ஆள் அல்ல. பர்னிச்சர் வியாபாரத்தில் இருந்து வரித்துறை வழியாக வந்தவர். ‘ஸ்டூல் விற்றவர்’ என்று ஜெனரல்கள் கிண்டல் செய்தார்கள். அவர் பெட்டி முறையையே ஒழித்தார். டிவிஷன்கள் கலைக்கப்பட்டு, அளவில் சிறிய, எப்போதும் தயாராக இருக்க வேண்டிய பிரிகேட்கள் வந்தன. டமானும் கன்டெமிரோவும்கூடத் தப்பவில்லை. 2012 நவம்பரில் அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த செர்கேய் ஷோய்கு, 2013 மே மாதம் இந்த இரண்டு டிவிஷன்களையும் பழைய பெயரோடு திரும்பக் கொண்டுவந்தார். பிறகு ஆர்மிகளும் டிவிஷன்களும் ஒவ்வொன்றாக முளைத்தன.

பெயர்ப் பலகை திரும்பி வந்தது. ஆனால் ஆட்கள்?

ரஷ்யாவில் கட்டாய ராணுவச் சேவை 2008 முதல் ஓராண்டு மட்டுமே. ஆண்டுக்கு சுமார் இரண்டரை லட்சம் இளைஞர்கள் வருகிறார்கள், ஒரு வருடத்தில் போய்விடுகிறார்கள். அவர்களை வெளிநாட்டுப் போருக்கு அனுப்புவது அரசியல்ரீதியாக நெருப்பு. செச்னியாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் நடத்திய போராட்டங்களை மாஸ்கோ மறக்கவில்லை. ஆகவே சண்டைக்குப் போவது சம்பளத்துக்குச் சேர்ந்த ஒப்பந்த வீரர்கள் மட்டும். ஒரு பிரிகேட்டில் அவர்களைத் தேடி எடுத்து ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றிரண்டு பட்டாலியன் தேறும். அதற்கு ஒரு டாங்கி கம்பெனி, பீரங்கி, வான் பாதுகாப்பு, பொறியாளர்கள் என்று ஒட்டவைத்தால் 600 முதல் 900 பேர் கொண்ட ஒரு குட்டிப் படை. இதுதான் பிடிஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பட்டாலியன் போர்க்குழு. 2014-15-ல் டான்பாஸில் இது நன்றாகவே வேலை செய்தது. 2021 ஆகஸ்ட்டில் ஷோய்கு, தங்களிடம் 168 பிடிஜி தயார் என்று பெருமையாகச் சொன்னார். 2022 பிப்ரவரியில் அவற்றில் சுமார் 120 உக்ரைன் எல்லையைச் சுற்றி நின்றன என்பது மேற்கத்திய மதிப்பீடு.

வண்டி வந்தது, இறங்க ஆள் இல்லை

டாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பவருக்குப் பக்கவாட்டில் பார்வை குறைவு. புதர், வீட்டு ஜன்னல், பள்ளம் என எங்கிருந்து வேண்டுமானாலும் ஒருவர் தோளில் ஏவுகணையோடு எழலாம். அவரைத் தேடிப் பிடிக்க வண்டியில் இருந்து இறங்கி நடக்கும் காலாட்படை வேண்டும். ஊருக்குள் போனால் இன்னும் அதிகம் வேண்டும். அந்த ‘7 பேர்’ இதற்குத்தான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் கோஃப்மன், ராப் லீ இருவரும் 2022 ஜூனில் எழுதிய ஆய்வு இந்த இடத்தில்தான் விரல் வைத்தது. 500-க்கு மேல் ஆள் இருந்த மோட்டார் ரைஃபிள் பட்டாலியன், போருக்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 345 ஆகச் சுருக்கப்பட்டிருந்தது. வண்டிகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 40 கவச வண்டிகள் என்று வைத்துக்கொண்டால், ஓட்டவும் சுடவும் மட்டும் 120 பேர் போய்விடுவார்கள். மோர்ட்டார், தகவல் தொடர்பு, சமையல், பழுதுபார்ப்பு எல்லாம் கழித்தால் இறங்கி நடக்க மிச்சம் இருப்பவர் எத்தனை? அதுவும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால். யாரும் விடுப்பில் போகாமல் இருந்தால்.

போர் தொடங்கியபோது பல இடங்களில் நடந்தது இதுதான். டாங்கிகளும் கவச வண்டிகளும் நெடுஞ்சாலையில் வரிசையாக வந்தன. பக்கவாட்டுக் காடுகளைத் தேடிப் பார்க்க ஆள் போதவில்லை. பதுங்கியிருந்த சிறு உக்ரைன் குழுக்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என அடித்து வரிசையை முடக்கின.

இதெல்லாம் ரஷ்யத் தளபதிகளுக்குத் தெரியாதா? தெரியும். அவர்களுடைய திட்டப்படியே பெரிய போருக்கு முன் ஆள்திரட்டல் நடக்க வேண்டும். ஆனால் கிரெம்ளின் இதைப் போர் என்றே சொல்லவில்லை, ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. போரே இல்லை எனும்போது யாரைத் திரட்டுவது? காலியான பெட்டியை நிரப்பாமலேயே எல்லை தாண்டி அனுப்பிவிட்டார்கள். கட்டாயச் சேவைப் பையன்கள் யாரும் போகவில்லை என்று புதின் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் போயிருக்கிறார்கள், சிலர் பிடிபட்டிருக்கிறார்கள் என்று மார்ச் 9-ல் ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

43 கிலோ குண்டு, கையால் தூக்கி

ஆள் பற்றாக்குறை முன்வரிசையோடு முடியவில்லை, பின்னால் வரும் லாரியிலும் இருந்தது. ரஷ்ய ராணுவம் ரயிலை நம்பி வாழும் ராணுவம். ரயில் பாதைகளைப் போட, பழுதுபார்க்க என்றே தனிப் படை வைத்திருக்கிறது. சொந்த மண்ணில் இது பிரமாதம். ரயில் நிற்கும் இடத்தைத் தாண்டினால்தான் சிக்கல். ஒவ்வொரு ஆர்மிக்கும் சப்ளைக்கு என ஒரு பிரிகேட்தான். ரயில் முனையில் இருந்து சுமார் 145 கி.மீ. தாண்டினால் இந்த லாரிகள் போதாது என்று ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ அதிகாரி அலெக்ஸ் வெர்ஷினின் எழுதியது 2021 நவம்பரில், அதாவது போருக்கு மூன்று மாதம் முன்பு.

ஒரு 152 மி.மீ. குண்டு சுமார் 43 கிலோ. மேற்கத்திய ராணுவங்களில் இவற்றைப் பலகைத் தட்டில் அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வைத்து ஏற்றுவார்கள். ரஷ்யாவில் பெரும்பாலும் மரப்பெட்டி, அதைத் தூக்க வீரர்களின் கை. ‘போரின் கடவுள்’ ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவார் என்று யோசித்தால், அந்தக் கைகள் எத்தனை தேவைப்படும் என்பது புரியும். டி-80யு-வின் டர்பைன் இன்ஜினோ டீசலில் ஓடும் டாங்கியைவிட எரிபொருளை அதிகமாகக் குடிக்கும். நின்றுகொண்டு இன்ஜினை ஓடவிட்டாலும் குடிக்கும்.

ரேடியோ கதை தனி. ரகசியமாகப் பேசும் ‘அசார்ட்’ கருவிகள் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. பல வீரர்கள் சாதாரண சீன வாக்கிடாக்கியிலும் செல்போனிலும் பேசினார்கள். உக்ரைன் கேட்டுக்கொண்டிருந்தது. கீழ்மட்டத்தில் முடிவெடுக்க அனுபவமுள்ள ஹவில்தார்கள் ரஷ்ய ராணுவத்தில் மிகக் குறைவு என்பதால், சிக்கல் வந்தால் பெரிய அதிகாரியே முன்னால் போக வேண்டியிருந்தது. போரின் முதல் வாரத்திலேயே மேஜர் ஜெனரல் ஆண்ட்ரேய் சுகோவெட்ஸ்கி கொல்லப்பட்டார்.

இஸியத்துக்குப் பிறகு

2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் திடீரென எதிர்த்தாக்குதல் நடத்தியது. இஸியம் வீழ்ந்தது. முதல் காவலர் டாங்கி ஆர்மியின் பிரிவுகள் சில நாட்களில் பின்வாங்கின. ஓடும் நிலையில் இருந்த டி-80-களையே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் படை கடுமையாகச் சிதைந்துவிட்டது, மீண்டும் கட்ட ஆண்டுகள் ஆகலாம் என்று பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அப்போது மதிப்பிட்டது. அடுத்த வாரமே, செப்டம்பர் 21-ல், புதின் 3 லட்சம் பேரைத் திரட்டும் ஆணையை அறிவித்தார். ஏழு மாதம் முன்பு வந்திருக்க வேண்டிய ஆட்கள். அதற்குள் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டிய அதிகாரிகளில் பலர் உயிரோடு இல்லை, அவர்கள் ஏற வேண்டிய வண்டிகளில் பல உக்ரைன் வயல்களில் எரிந்து கிடந்தன.

கிடங்குகளில் இருந்து டி-62 வந்தது. பிறகு 2023-ல் ஸ்டாலின் காலத்து வடிவமைப்பான டி-54, டி-55 ரயிலில் ஏறின. படங்களை வைத்து மட்டும் எண்ணும் ‘ஓரிக்ஸ்’ குழுவின் கணக்கில் ரஷ்யா இழந்த டாங்கிகள் 3,000-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. 2015 ஒத்திகையில் செஞ்சதுக்கத்திலேயே நின்றுபோய் மானத்தை வாங்கிய நவீன ‘அர்மாட்டா’வோ, போர்க்களத்தில் சொல்லும்படியான எண்ணிக்கையில் வரவே இல்லை.

பிடிஜி முறை ஓரங்கட்டப்பட்டது. அதன் இடத்தில் சிறிய தாக்குதல் குழுக்கள் வந்தன. சிறைக்கைதிகளைக் கொண்ட ‘ஸ்டோர்ம்-இஸட்’ அவற்றில் ஒன்று. ட்ரோன்களுக்கு என்றே தனிப் படைப் பிரிவு உருவாக்கப்படும் என்று 2024 டிசம்பரில் புதிய பாதுகாப்பு அமைச்சர் பெலூசோவ் அறிவித்தார்.

இந்தப் பாடத்தை மற்ற நாடுகளும் கவனிக்கின்றன. அதே டி-90-ஐ ஓட்டும் இந்திய ராணுவம், காலாட்படை, டாங்கி, பீரங்கி, ட்ரோன் எல்லாவற்றையும் ஒரே பிரிகேட்டில் சேர்க்கும் ‘ருத்ரா’ அமைப்பை 2025 ஜூலையில் அறிவித்தது. பெயர் வேறு, அளவு வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த வண்டிகளில் இருந்து இறங்கி நடக்க எத்தனை பேர் இருப்பார்கள்?

முதல் காவலர் டாங்கி ஆர்மி கலைக்கப்படவில்லை. 2024 மார்ச்சில் மீண்டும் உருவாக்கப்பட்ட மாஸ்கோ ராணுவ மாவட்டத்தின் கீழ் இருக்கிறது. 2023 முதல் அதன் பிரிவுகள் குப்யான்ஸ்க், ஸ்வடோவ் பக்கம் கிராமம் கிராமமாகச் சண்டையிட்டு வருகின்றன. வானத்தில் ட்ரோன்கள் சுற்றுவதால் டாங்கிகள் கூட்டமாக வெளியே வருவதில்லை. வந்தாலும் தகரக் கொட்டகையை மேலே கவிழ்த்துப் போட்டு ‘ஆமை’ போல வருகின்றன. காலாட்படை வீரர்கள் பல இடங்களில் கவச வண்டியில்கூட வருவதில்லை. இரண்டு பேர், மூன்று பேராக மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், இல்லையென்றால் நடந்தே வருகிறார்கள்.